கப்பலில் வந்த வீடா, கேம்பல்ஃபீல்டில் கட்டிய வீடா?

ஆஸ்திரேலியாவில் ஓய்வு பெற்ற தம்பதிகள் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் கண்டத்தைச் சுற்றி வருவது சாதாரணக் காட்சி. அவர்களில் கையில் காசுள்ளவர்களின் கண் கொஞ்ச நாளில் ஃபிஃப்த் வீலர் பக்கம் போய்விடுகிறது. வழக்கமான கேரவன், இழுக்கும் வண்டியின் வாலில் ஓர் உருண்டைக் கொக்கியில் மாட்டியிருக்கும். ஃபிஃப்த் வீலர் அப்படியல்ல. கன்டெய்னர் டிரெய்லரைப் போலக் கிங்பின் வைத்து, பிக்கப்பின் பின்தட்டுக்குள், பின் ஆக்சிலுக்கு மேலேயே வந்து உட்காரும். பெரிய லாரி முந்திப்போனாலும் அவ்வளவு எளிதில் வால் ஆடாது. பிக்கப்புக்கு மேலே நீண்டிருக்கும் பகுதி படுக்கையறையாகிவிடும். இதையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. அமெரிக்காவில் கட்டியதை வாங்குவதா, உள்ளூரில் கட்டியதையா என்ற இடத்தில்தான் கட்சி பிரிகிறது.

இரண்டு கட்சிக்காரர்களும் வண்டி பிறந்த ஊரைப் பற்றியே பேசுகிறார்கள். எந்த நாட்டுச் சாலைக்காக அது வரையப்பட்டது என்று கேட்டால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அமெரிக்க வண்டியின் கவர்ச்சியில் நியாயம் உண்டு. இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் கேரவன் கட்டுவது ஊரே செய்யும் தொழில். அங்குள்ள ஆலைகளின் உற்பத்தி அளவை மெல்போர்னின் கேம்பல்ஃபீல்டில் இருக்கும் பட்டறைகள் எட்ட முடியாது. ஆகவே அதே இடவசதி அங்கே மலிவாகக் கிடைக்கிறது. பொத்தானை அழுத்தினால் சுவரே வெளியே நகர்ந்து கூடத்தை அகலமாக்கும் ஸ்லைடு-அவுட், சாய்வு சோபா, பனிக்காலத்துக்கான ஹீட்டர் என்று எதிலும் கஞ்சத்தனம் இல்லை. போதாக்குறைக்கு 2001-இல் அரை அமெரிக்க டாலர்கூடப் பெறாத ஆஸ்திரேலிய டாலர், 2011-இல் 1.10 வரை ஏறியது. கப்பல் கூலி கொடுத்தும் கட்டுப்படியானது. அப்போது வாங்கியவர்கள் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினார்கள். கணக்கில் சில வரிகள் விடுபட்டன, அவ்வளவுதான்.

முதல் வரி அகலம். பல அமெரிக்க மாடல்கள் 102 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். ஆஸ்திரேலிய வடிவமைப்பு விதிகள் 2.5 மீட்டரோடு நிறுத்திவிடுகின்றன. ஒன்பது சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். வாசலை மாற்றலாம், வயரை மாற்றலாம். கட்டி முடித்த வண்டியின் அகலத்தைக் குறைத்துத் தர எந்தப் பட்டறைக்காரராலும் முடியாது. 96 அங்குல மாடல்கள் 2.44 மீட்டர் என்பதால் தப்பித்துக்கொள்ளும்.

அடுத்தது வாசல். அமெரிக்கர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுபவர்கள். வண்டியின் வாசலும் வெயில் பந்தலும் வலப்பக்கம். இடப்பக்கம் ஓட்டும் ஆஸ்திரேலியாவில் அந்த வாசல் வழியே சாலையோரத்தில் இறங்கினால், போகிற லாரிக்கு எதிரில் கால் வைக்க வேண்டும். அதனால் வாசல் இடப்பக்கமோ பின்புறமோ இருக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் அந்த இடப்பக்கத்தில்தான் பல அமெரிக்க மாடல்களில் பெரிய ஸ்லைடு-அவுட் நகர்கிறது. மிச்சமுள்ள இடத்தில் சுவரை வெட்டிக் கதவு வைத்தால், உள்ளே சட்டம் எங்கே ஓடுகிறது என்பது கட்டியவருக்குத் தெரியும், வெட்டுபவருக்குத் தெரியாது.

மின்சாரத்தில்தான் வேடிக்கை அதிகம். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஆஸ்திரேலியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ‘ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சரியாகிவிடும்’ என்று விற்பவர் சொல்வார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. மின்னோட்டத்தின் துடிப்பை எண்ணி ஓடும் மைக்ரோவேவ் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அதைப் பார்த்துச் சிரிக்கலாம். 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த ஏசி கம்ப்ரசர் மெதுவாகச் சுழன்று சூடேறுவதற்குச் சிரிக்க முடியாது. அதோடு, பெரிய அமெரிக்க வண்டிகள் 50 ஆம்பியர் இணைப்பை நம்பிக் கட்டப்பட்டவை. அது இரண்டு கம்பிகளில் மொத்தம் 12 கிலோவாட் தரும். ஆஸ்திரேலியக் கேரவன் பார்க்கின் 15 ஆம்பியர் பிளக் தருவது ஏறக்குறைய மூன்றரை. கூரையில் இரண்டு ஏசி இருந்தும் வெந்நீருக்காக ஒன்றை அணைக்க வேண்டிவரும்.

எரிவாயு அடுப்பு, ஹீட்டர், ஃப்ரிட்ஜ் ஆகியவை ஆஸ்திரேலியச் சான்றிதழ் இல்லாவிட்டால் வெளியே போக வேண்டியவை. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அமெரிக்காவிலிருந்து கப்பலேறும் வண்டிகளுக்கு நாற்றப்பூச்சி பயத்தால் புகையூட்டலோ வெப்ப சிகிச்சையோ வேறு.

இதையெல்லாம் கேட்டு உள்ளூர்க் கட்சிக்காரர் மீசையை முறுக்க வேண்டாம். உள்ளூர் வண்டிக்குப் பலம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலை 660 கிலோமீட்டர் நீளம், பெரும்பாலும் கப்பிச் சாலை, அலை அலையாக அதிரவைக்கும். அதை நினைத்துப் போட்ட சேசிஸும் சஸ்பென்ஷனும், செம்மண் தூசி புகாத அடைப்பும் அங்கே உயிர் காக்கும். பிக்கப்பின் சக்கரமும் கேரவனின் சக்கரமும் ஒரே அளவாகக் கேட்டு வாங்கினால் ஸ்டெப்னி இரண்டுக்கும் பொது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் டயர் வெடித்தவருக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் ‘உள்ளூர்’ என்பதாலேயே தரம் வந்துவிடாது. ஃப்ரிட்ஜ், ஆக்சில், ஏசி என்று பல உறுப்புகள் வெளிநாட்டிலிருந்து வந்தவையே. மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திய சுவரில் ஒரு மூலை கசிந்தால் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், வெளியே பளபளக்கும். ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2022-இல் புதிய கேரவன் வாங்கியவர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பில் பதில் சொன்னவர்களில் 80 சதவீதம் பேர் ஏதாவது பழுதைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அத்தனை பேரும் அமெரிக்க வண்டியா வாங்கியிருப்பார்கள்? சின்னப் பட்டறை மூடப்பட்டால் வாரண்டித் தாள் வெறும் தாள்தான்.

இரு தரப்பும் தொட விரும்பாத விஷயம் எடை. ஃபிஃப்த் வீலர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிக்கப்பின் மேல் ஏற்றிவிடும். மூன்றரை டன் வண்டியென்றால் 700 கிலோ. ஒரு டன் சுமக்கும் பிக்கப்பில் மிச்சம் 300. கணவன் மனைவிக்கு 150 போனால், கொக்கித் தட்டு, கருவிப்பெட்டி, முன்பக்க இரும்புத் தடுப்பு எல்லாவற்றுக்கும் 150 கிலோதான். பெரிய பிக்கப்புக்குப் போனாலும், அதன் மொத்த அனுமதி எடை 4.5 டன்னைத் தாண்டினால் கார் உரிமம் போதாது, லாரி உரிமம் எடுக்கவேண்டும்.

கேரவனுக்கும் அதே 4.5 டன்னில் ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டினால் பிரேக் விதிகள் கடுமையாகும். அதைத் தவிர்க்க, வெறும் வண்டியே 4.1 டன் இருக்கும் அமெரிக்க மாளிகைக்கு 4.5 டன் என்று தகடு அடிக்கிறார்கள் என்று வையுங்கள். தண்ணீர்த் தொட்டியில் 300 லிட்டர் நிரப்பினால் துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு எல்லாம் 100 கிலோவுக்குள் அடங்கவேண்டும். விளம்பரப் படத்தில் தகடு தெரியாது.

என் தீர்ப்பு இது. தார்ச்சாலையிலேயே போய் கடற்கரை ஊர்களில் வாரக்கணக்கில் தங்குபவர், ஆஸ்திரேலிய ஆர்டருக்காகவே 2.5 மீட்டருக்குள், இடப்பக்க வாசலோடு அமெரிக்க ஆலையில் கட்டிய வண்டியைத் தயங்காமல் வாங்கலாம். கப்பிச் சாலைக்கு ஆசைப்படுபவர் உள்ளூர் பட்டறைக்குப் போகட்டும், அளவில் சிறியதாக. வேண்டவே வேண்டாம் என்பது மூன்றாவது வகை: அமெரிக்கச் சந்தைக்குக் கட்டி, இறங்கிய பிறகு வெட்டி ஒட்டித் திருத்தியது. 2021 ஜூலை 1-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த புதிய வாகனத் தரச் சட்டம், பதிவேட்டில் ஏறாத வண்டியைச் சாலையில் விடுவதைக் கடினமாக்கியிருக்கிறது. பழையவை மட்டும் கைமாறிக் கைமாறி இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. ஆலைக்காரருக்கு ஆஸ்திரேலியாவில் அலுவலகம் இல்லையென்றால், அந்நாட்டு நுகர்வோர் சட்டம் இறக்குமதி செய்தவரையே உற்பத்தியாளராக நடத்துகிறது. செகண்ட்ஹேண்டில் அமெரிக்க வண்டி பார்ப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த இறக்குமதியாளர் யார், இன்னும் கடை திறந்திருக்கிறாரா என்பதை. சொந்தமாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஒருவரின் வண்டி என்று தெரிந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் நான் அதைப் பார்க்கப் போகமாட்டேன்.