எந்த அலகில் அளந்தீர்கள்?

யோகாசனத்தையும் உடல்வழிச் சிகிச்சையையும் இணைத்து மனக்காயம் ஆற்றுவோர் சிலர், "உடலில் தேங்கிய ஆற்றலை விடுவிக்கிறோம்" என்பதைக் கேட்டிருப்பீர்கள். ஆற்றல் என்றால் அதை அளக்க முடிய வேண்டுமல்லவா?

உடல்வழி மனச்சிகிச்சையின் முன்னோடி வில்ஹெல்ம் ரைக், 'ஆர்கோன்' என்னும் உயிராற்றல் (ஆர்கான் வாயுவன்று) உண்டென்றார். அதைச் சேகரிக்கும் பெட்டியொன்றை 1941-இல் ஐன்ஸ்டைனிடம் அளித்தார். பெட்டியின் மேல் வெப்பநிலை சற்று உயர்ந்திருந்தது உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் அறைக் காற்றின் வெப்பச்சலனமே என்று ஐன்ஸ்டைன் கண்டார்.

அப்படியானால் யோகாசனம் பயனற்றதா? இல்லை. மனக்காய நோயால் நெடுங்காலம் வருந்திய பெண்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று 2014-இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையை விடாமல், பத்து வாரம் யோகாவும் பயின்ற 31 பேரில் 16 பேர் அந்நோய்க்குரிய நிலையிலிருந்து மீண்டிருந்தனர். யோகாவுக்குப் பதில் உடல்நலப் பாடம் கேட்ட 29 பேரில் மீண்டவர் 6 பேரே. ஆய்வு சிறியதுதான், ஆயினும் ஒப்பிட்டு எண்ணியது.

பயன் வேறு, அதற்குச் சொல்லும் விளக்கம் வேறு. பயனுக்கு எண்கள் உள்ளன. அந்த 'ஆற்றலு'க்கு இல்லை. துயருறும் ஒருவரிடம், "மருந்தை நிறுத்துங்கள், ஆற்றலே குணமாக்கும்" என்று யாரேனும் சொன்னால், "எந்த அலகில் அளந்தீர்கள்?" என்று நீங்கள் கேளுங்கள்.