கூட்டாக வாங்கினால் பிழை குறையுமா?

நின்ற நிலையிலிருந்து புறப்படும் ஒரு கார் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட எத்தனை நொடி ஆகும்? கால் மைல் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 402 மீட்டரை, எத்தனை நொடியில் கடக்கும்? அமெரிக்கக் கார்ப் பிரியர்கள் ஓயாமல் கேட்கும் கேள்விகள் இவை. விடை காண ஒரு காலத்தில் ஒளிக்கதிர்க் கடிகாரம் பொருத்திய பந்தயப் பாதைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1990களில் ஜி-டெக் ப்ரோ போன்ற கையடக்கக் கருவிகள் அங்கே விற்பனைக்கு வந்தன. முன்கண்ணாடியில் பொருத்திக் காரை ஓட்டினால் போதும். நேரம், வேகம், குதிரைத்திறன் ஆகிய மூன்றையும் காட்டிவிடும்.

இத்தகைய கருவிகளை இருபது, முப்பது பேர் சேர்ந்து வாங்கும் வழக்கமும் ஏற்பட்டது. ஒருவர் பொறுப்பேற்றுப் பெயர்களையும் பணத்தையும் திரட்டுவார். விற்பனையாளரிடம் மொத்தமாகப் பேசி விலையைக் குறைப்பார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு மயக்கமும் ஒளிந்திருக்கிறது. எல்லோரிடமும் ஒரே கருவி இருப்பதால், எல்லோருடைய அளவீடும் நம்பத்தக்கது என்று தோன்றிவிடுகிறது. இது சரியா?

முதலில் கருவியின் உள்ளே பார்ப்போம். அங்கே இருப்பது ஒரு முடுக்கமானி. அது வேகத்தை நேரடியாக அளப்பதில்லை, தூரத்தையும் அளப்பதில்லை. முடுக்கத்தை மட்டுமே உணர்கிறது. முடுக்கத்தை நேரத்தோடு தொகையிட்டால் வேகம் கிடைக்கும். வேகத்தைத் தொகையிட்டால் தூரம் கிடைக்கும். காரின் நிறையை நாம் சொல்லிவிட்டால், நிறை, முடுக்கம், வேகம் மூன்றையும் பெருக்கித் திறனைக் கணக்கிடும். மேல்நிலைப்பள்ளி இயற்பியல்தான், அழகான ஏற்பாடு.

ஆனால் முடுக்கமானிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது சாய்ந்தால், புவியீர்ப்பின் ஒரு பகுதியையும் முடுக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். கார் விருட்டென்று புறப்படும்போது பின்பகுதி அமிழ்ந்து முன்பகுதி எழுகிறதல்லவா? அப்போது கருவியும் சாய்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1500 கிலோகிராம் நிறையுள்ள கார், நொடிக்கு நொடி 4 மீட்டர் வீதம் சீராக வேகம் கூடுகிறது என்க. அதன் வேகம் நொடிக்கு 20 மீட்டராக இருக்கும் கணத்தில் திறன் 1,20,000 வாட். அதாவது சுமார் 161 குதிரைத்திறன். முன்பகுதி ஒரே ஒரு பாகை எழுந்தால், கருவி 4 என்பதை 4.17 என்று படிக்கும். அந்தத் தவறான முடுக்கத்திலிருந்தே வேகமும் கணக்கிடப்படுவதால், திறனில் பிழை இரட்டிப்பாகிறது. கருவி காட்டுவது சுமார் 175 குதிரைத்திறன். என்ஜினில் கை வைக்காமலே 14 குதிரைகள் வந்து சேர்ந்துவிட்டன! 60 மைல் வேகத்தை எட்டும் நேரமும் 6.7 நொடியிலிருந்து 6.4 நொடியாகக் குறைந்து காட்டும்.

இனி கூட்டு வாங்கலுக்கு வருவோம். கருவிக்குக் கருவி சிறு வேறுபாடு இருப்பது இயல்பு. இது ஒழுங்கற்ற பிழை. ஒன்றையொன்று சாராத 25 கருவிகளின் சராசரியை எடுத்தால், இப்பிழை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் சாய்வினால் வருவது முறையான பிழை. எல்லாக் கருவிகளையும் ஒரே பக்கமாகத் தள்ளுவது. ஆயிரம் கருவிகளைச் சேர்த்தாலும் அது இம்மியும் குறையாது.

என் ஆய்வகத்திலும் இதைக் கண்டிருக்கிறேன். தனி ஊசல் சோதனையில், "சார், எங்கள் மூன்று குழுவுக்கும் ஒரே விடை; அப்படியானால் சரிதானே?" என்றார்கள் மாணவர்கள். மூன்று குழுக்களும் முனை தேய்ந்த ஒரே மீட்டர் அளவுகோலைப் பயன்படுத்தியிருந்தன. விடைகள் ஒத்துப்போயின, மூன்றும் ஒன்றுபோலத் தவறு.

கார்க்காரருக்கு இதனால் என்ன நட்டம்? பணம்தான். கருவியின் எண்ணை நம்பியே உதிரிப் பாகங்களை மாற்றுகிறார்கள். ஒருவர் காருக்குக் கெட்டியான சுருள்வில்களைப் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பகுதி எழுவது குறையும். கருவியின் மிகைப்பிழையும் குறையும். உடனே, "திறன் போய்விட்டது" என்று அவர் என்ஜினைப் பிரிக்கத் தொடங்குவார்!

பந்தயப் பாதையின் நேரத்தோடு ஒப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. அங்கே கார் ஏறத்தாழ ஓரடி நகர்ந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. நம் எடுத்துக்காட்டுக் காருக்கு அந்த ஓரடியைக் கடக்க ஏறக்குறைய 0.4 நொடி ஆகும். 'தொடக்கம்' என்றால் எது என்று முடிவு செய்யாமல் இரு எண்களை ஒப்பிடுவது வீண்.

ஆகவே, கூட்டாக வாங்குவோர் விலைப் பட்டியலோடு ஒரு பிழைப் பட்டியலும் தயாரிக்க வேண்டும் என்பது என் கருத்து. கருவிகளைப் பிரித்துக் கொடுக்கும் முன், அவற்றில் சிலவற்றையாவது ஒரே காரில் பொருத்தி, மூடிய பந்தயப் பாதையில் ஒரே ஓட்டத்தில் சோதிக்கலாம். வேறுபாடுகள் தெரிந்துவிடும். அந்த ஓட்டத்தைப் பாதையின் ஒளிக்கதிர்க் கடிகாரத்தோடும், செயற்கைக்கோள் வழியே வேகம் காணும் ஜி.பி.எஸ். கருவியோடும் ஒப்பிட்டால் பொதுப்பிழையும் வெளிப்படும். ஜி.பி.எஸ். முறையைக் காரின் சாய்வு ஏமாற்றுவதில்லை. தனி ஒருவருக்குச் செலவு மிகும் இச்சோதனை, முப்பது பேருக்குப் பங்கிட்டால் எளிது. கூட்டின் உண்மையான ஆதாயம் இதுவே. பொதுச்சாலையில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. அங்கே பிழைக்கு விலை உயிர்.

கருவி பொய் சொல்வதில்லை; தான் உணர்ந்ததையே சொல்கிறது. அது எதை உணர்ந்தது என்று கேட்பது நம் பொறுப்பு. பலர் கூடி வாங்குவதால் விலை குறையலாம். பிழை குறைய வேண்டுமானால், வேறொரு வழியிலும் அளந்து பார்க்கத்தான் வேண்டும்.