துன்ப முடிபும் இரசிகர் உரிமையும்

கதையின் முடிபு பற்றிய வழக்கு இலக்கியத்தோடு உடன்பிறந்தது. 1681ஆம் ஆண்டில் நேஹம் ரேற் என்னும் ஆங்கிலக் கவிஞன் ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தை எடுத்து, கோடீலியாவைச் சாகாது காத்து, எட்கருக்கு அவளை மணமுடித்து, லியருக்கு இழந்த அரசையும் மீட்டுக் கொடுத்தான். இன்று இச்செய்தி நமக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில மேடையில் ஆட்சி செலுத்தியது இந்தத் திருத்திய லியரே. மக்றீடி என்னும் நடிகர் ஷேக்ஸ்பியரின் மூலத்தை மேடைக்கு மீட்டு வந்தது 1838இலேதான். சாமுவேல் ஜோன்சன் போன்ற பேரறிஞர்கூட, கோடீலியாவின் சாவைத் தாங்கமாட்டாது, பொதுமக்கள் தீர்ப்பின் பக்கமே சாய்ந்து நின்றார்.

அதே வழக்கு இன்று கணனி விளையாட்டுகளைச் சூழ்ந்து நடைபெறுகின்றது. விளையாட்டு என்றதும் பந்தாட்டத்தையோ துப்பாக்கிச் சூட்டையோ நினைப்பவர்க்கு, அவற்றுள் ஒரு பெரும் பிரிவு நெடுங்கதைகளாகவே அமைந்திருப்பது வியப்பளிக்கக்கூடும். ஐம்பது மணித்தியாலம், எண்பது மணித்தியாலம் என நீளும் அக்கதைகளிற் போரும் உண்டு, அரசியலும் உண்டு, காதலும் உண்டு. இறுதியிற் காதலர் பிரிய நேர்ந்தால் பல நாட்டு இளைஞரும் கண்ணீர் விடுகின்றனர், சினங்கொள்கின்றனர், முடிபை மாற்றுமாறு ஆக்கியோரிடமே கோருகின்றனர். இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். காசு கொடுத்தவன் கேட்டதைக் கொடுப்பதே முறை என்போர் மறு சாரார். இவ்விரு சாராரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்றுண்டு: அந்தத் துன்பம் எங்கிருந்து வந்தது? கதையுலகின் வாழ்விலிருந்து பிறந்ததா, அன்றி ஆசிரியன் கையிலிருந்து தவறி விழுந்ததா? முடிபு பற்றிய மதிப்பீடு இவ்விடத்திலேயே தொடங்கல் வேண்டும்.

முதற்கண் இப்பற்றின் இயல்பை நோக்குவோம். நாடகத்தைக் காண்பவன் கோடீலியாவுக்காக இரங்குகிறான். ஆனால் அவளை அச்சிறைக்கு அனுப்பியது தான் என்று அவன் எண்ணுவதில்லை. விளையாட்டிலோ அவனே கதைத்தலைவனின் வாயாகவும் கையாகவும் இருக்கிறான். காதலியிடம் என்ன சொல்வது, எவரைக் காப்பது, எவரைக் கைவிடுவது என்பனவற்றை அவனே தெரிகிறான். கனடா நாட்டு பயோவெயர் நிறுவனம் ஆக்கிய 'மாஸ் எபெக்ற்' என்னும் விண்வெளிக் கதை 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. முதற்பாகத்தில் செய்த தெரிவுகள் கணனியிற் சேமிக்கப்பட்டு மூன்றாம் பாகம் வரை தொடர்ந்தன. ஐந்து ஆண்டுகளாக லியாராவையோ, ராலியையோ, கரஸையோ துணையாகக் கொண்டு வந்தவர்க்கு அப்பாத்திரம் வாசித்து முடித்த நூலின் பாத்திரம் போன்றதன்று; தம் உழைப்பும் காலமும் கலந்த உறவு அது.

இவ்வுறவில் ஒரு போலியும் உண்டென்பதை மறைத்தல் நேர்மையாகாது. இத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் அன்பு என்பது மறைவில் ஏறியிறங்கும் ஓர் எண்ணே. 2009இல் இதே நிறுவனம் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்' விளையாட்டில், உரிய பரிசுப் பொருளை உரியவரிடம் கொடுக்க அவ்வெண் உயரும். போதிய அளவு உயர்ந்ததும் காதல் கனியும். மனித உறவைப் பண்டமாற்றாகக் காணும் சந்தைச் சமுதாயம், தன் உருவத்தையே காதலுக்கும் கொடுத்திருக்கின்றது. நாள் முழுவதும் வேலையில் நசுங்கி, தனியறைக்கு மீளும் இளைஞனுக்கு, தான் கொடுத்ததைத் தவறாமல் திருப்பித் தரும் இக்காதல் எத்துணை ஆறுதல் தரும் என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஆனால் அவன் சிந்தும் கண்ணீர் பொய்யன்று. அக்கண்ணீர் எதன்பால் திருப்பப்படுகின்றது என்பதே நமது அக்கறை.

'மாஸ் எபெக்ற்' மூன்றாம் பாகத்தின் முடிபு 2012 மார்ச்சில் பெரும் கலகத்தை எழுப்பியது. பாரெங்கும் உயிர்களை அழிக்கவரும் இயந்திர இனத்தோடு மூன்று பாகங்களிலும் போரிட்ட தளபதி ஷெப்பர்ட், இறுதி நிமிடங்களில், அதுவரை கதையில் அறிமுகமாகாத ஓர் அறிவுச் சக்தியைச் சிறுவன் வடிவிற் காண்கிறார். அது சில வழிகளை முன்வைக்கின்றது. எவ்வழியைத் தெரிந்தாலும் ஏறத்தாழ ஒரே காட்சியே நிறம் மாறித் தோன்றியது. தெரிவுகளுக்கெல்லாம் பயன் உண்டென்று முன்னர் வாக்களிக்கப்பட்டிருந்தமையால் இரசிகர் கொதித்தெழுந்தனர். அவர்கள் நடத்திய இயக்கமொன்று நோயுற்ற சிறுவருக்கு உதவும் அறநிலையமொன்றிற்கு எண்பதாயிரம் டொலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. வேறு சிலர் மூன்று நிறங்களில் நானூறு சிறு கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பினர். நிறம் மூன்றாயினும் சுவை ஒன்றே. இதனினும் கூரிய விமர்சனத்தைப் பேராசிரியர் எவரும் எழுதியதாக நாம் அறியோம்!

இங்கே இரசிகர் பக்கமே நியாயம் இருந்தது. சிக்கல் அவிழ்வது கதையின் உள்ளிருந்தே வரல் வேண்டும், பொறியில் இறக்கப்படும் தெய்வத்தால் அன்று எனக் கிரேக்க அரிஸ்தோத்திலன் தன் கவிதையியலில் வற்புறுத்தினான். அச்சிறுவன் அத்தகைய பொறித்தெய்வமே. ஷெப்பர்ட் இறப்பது குற்றமன்று. இறப்பதற்கும் வாழ்ந்ததற்கும் தொடர்பு இல்லாமற்போனதே குற்றம். பல்லினத்தாரையும் ஒன்றுதிரட்டிப் போராடியதே அக்கதையின் உயிர்நாடி. முடிபிலோ அக்கூட்டு முயற்சி ஓரத்தில் ஒதுங்க, ஒருவனது தனித் தெரிவு அண்டத்தின் விதியாகிவிட்டது.

ஆனால் அக்கலகத்தின் குரல் ஒன்றன்று, இரண்டு. நாம் கட்டிய கதையை ஏன் பொய்யாக்கினீர் என்பது ஒன்று. நாம் வாங்கிய சரக்கு சரியில்லை என்பது மற்றையது. இரசிகர் ஒருவர் அமெரிக்க வணிக ஆணையத்திடம் முறைப்பாடே செய்தார். நிறுவனத்துக்கு விளங்கியது இரண்டாம் குரலே. 2012 ஜூனில் முடிபுக்கு விளக்கங் கூறும் காட்சிகளை இலவசமாகச் சேர்த்தது. 2013 மார்ச்சில், தோழரும் காதலரும் கூடிக் களிக்கும் விருந்தொன்றைக் கொண்ட மேலதிகப் பகுதியைத் தனிவிலைக்கு விற்றது. அவ்விருந்து இரசிகர்க்கு உவப்பானதே, நகைச்சுவையும் நிறைந்ததே. ஆயினும் துக்கத்தை ஒரு விலைக்கும் அதற்கான மருந்தை வேறொரு விலைக்கும் விற்கும் வித்தையையும் நாம் கண்டுகொள்ளல் வேண்டும்.

இனி, துன்பம் கதையின் உள்ளிருந்தே பிறந்த ஒரு படைப்பை நோக்குவோம். யப்பானிய ஸ்குவெயர் நிறுவனம் 2001இல் வெளியிட்ட 'பைனல் பன்ரசி' பத்தாம் பாகம் அத்தகையது. ஸ்பைரா என்னும் உலகைப் பாவம் என்று பெயர் கொண்ட பேருருவொன்று மீண்டும் மீண்டும் வந்து அழிக்கின்றது. அது மக்களின் பழைய குற்றத்துக்குத் தண்டனை என்று போதிக்கின்றது சமயபீடம். யூனா என்னும் இளம்பெண் அப்பேருருவை வீழ்த்தும் நோன்பு பூண்டு யாத்திரை செல்கிறாள். வெற்றி கிட்டும் கணத்தில் அவள் சாவது உறுதி. சில ஆண்டுகளில் அப்பேருரு மீண்டும் பிறப்பதும் உறுதி. இதனை அறியாத ரீடஸ் என்னும் இளைஞன், எல்லாம் முடிந்தபின் தன் ஊருக்கு அழைத்துப் போவதாக அவளிடம் ஓயாது பேசுகிறான். அவள் மறுமொழி சொல்லாது முறுவலிக்கிறாள். உண்மை வெளிப்படும்போது அவனோடு விளையாடுபவனும் வெட்கித் தலைகுனிகிறான்.

இச்சுழற்சிக்கு முடிவில்லை என்பது பீடத்தின் தலைமைக்குத் தெரியும். அப்பீடத்தின் உச்சியில் அமர்ந்திருப்பவனே என்றோ இறந்தவன். இறந்தும் இருக்கையை விடாதவன். யூனாவும் தோழரும் அப்பலியை மறுத்து, சுழற்சியின் வேரையே அறுக்கத் துணிகின்றனர். ஆனால் ரீடஸ் பழைய ஆவிகள் காணும் கனவின் உருவம். சுழற்சி அறுந்தால் ஆவிகள் துயில் கொள்ளும், கனவும் கலையும். அதனை அறிந்தே அவன் போரிடுகிறான். இறுதியில் யூனா ஓடிவந்து தழுவ முனைகிறாள். அவனது உடலூடாகக் காற்றிலே விழுகிறாள். எழுந்து அவள் கூறுவது யப்பானிய மூலத்தில் நன்றி என்ற ஒரு சொல். ஆங்கிலப் பதிப்பில் அது காதல் மொழியாக மாற்றப்பட்டது. மூலத்தின் சொல்லில் ஓர் உலகத்தின் கடன் தொனிக்கின்றது. மாற்றிய சொல்லில் இருவரின் பிரிவு மாத்திரமே எஞ்சுகின்றது.

இத்துன்பம் விதியின் திருவிளையாடலன்று. பொய்யின்மீது கட்டிய ஓர் ஒழுங்கைத் தகர்ப்போர், அவ்வொழுங்கினுள் பிறந்த இனியன சிலவற்றையும் இழக்க நேரிடும் என்ற கசப்பான உண்மையை அது உணர்த்துகின்றது. அழும் இரசிகன் பலியை மறுத்த யூனாவின் துணிவையும் சேர்த்தே நெஞ்சிற் பதிக்கிறான். இவ்வாறிருக்க, 2003இல் வந்த தொடர்ச்சியில், குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றியவர்க்கு ரீடஸ் மீண்டு வருகிறான். நூற்றுக்கு நூறு முடித்தவர்க்குக் கூடுதற் காட்சியும் உண்டு. அங்கே மகிழ்ச்சி, மேலதிக வேலைக்குக் கொடுக்கும் கூலியாகிவிட்டது. அதனை விரும்பியோரைப் பழித்தல் வேண்டா; யூனா அழுததைக் கண்டவர் அவள் சிரிப்பதையும் காண விரும்புவது மனித இயல்பே. ஆனால் எந்தக் காரணத்தால் அவன் மறைந்தானோ, அக்காரணத்துக்கு விடை கூறாமலே அவனைத் திருப்பிக் கொடுத்தது நேஹம் ரேற்றின் வழி.

அப்படியாயின் துன்பமே உயர்ந்தது, இன்பமே தாழ்ந்தது என்று கொள்ளலாமா? ஆகாது. துன்ப முடிபை முதிர்ச்சியின் முத்திரையாகக் கருதும் ஒருவகை மேட்டிமை அறிவாளரிடையே உண்டு. எவர் செத்தாலும் அதனை ஆழம் என்று கொண்டாடுவோர், மனிதர் செய்த கொடுமையை மனிதரால் மாற்றமுடியாத விதியாகக் காட்டும் கதைக்கும் சேர்த்தே கைதட்டுகின்றனர்.

பெல்ஜியம் நாட்டு லேரியன் நிறுவனம் 2023 ஓகஸ்டில் வெளியிட்ட 'பால்டேர்ஸ் கேற்' மூன்றாம் பாகத்தில் கார்லாக் என்றொரு பெண் வருகிறாள். தான் நம்பிப் பணிசெய்த எசமானால் நரகத்துக்கு விற்கப்பட்டவள் அவள். அங்கே அவளது இதயத்தைப் பறித்து எரியும் இயந்திரமொன்றைப் பொருத்திப் பத்தாண்டுகள் போரிட வைத்தனர். தப்பிவந்தபின் ஒருவரைத் தொடவும் அவளால் முடியவில்லை, தொட்டால் சுடும். கொல்லன் ஒருவன் அதனை ஓரளவு தணித்த பின்னரே காதலனின் கையைப் பற்றுகிறாள். ஆனால் நரகத்துக்கு வெளியே அவ்வியந்திரம் நீடிக்காது. தன்னை விற்றவனைக் கொன்றபின்னரும் அவள் நெஞ்சு ஆறவில்லை. பழி தீர்ந்தது, உயிர் மீளவில்லை எனக் கதறுகிறாள். பிறரின் இலாபத்துக்காகத் தேய்க்கப்பட்ட உடல், விடுதலை பெற்றபின்னும் அத்தேய்வைச் சுமப்பதை இதனினும் தெளிவாக உருவகித்தல் அரிது.

அவளைக் குணப்படுத்துமாறு இரசிகர் வேண்டினர். பிரெக்ற் 1928இல் எழுதிய 'மூன்று பென்னி இசைநாடகம்' இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. தூக்குமேடையில் நிற்கும் கள்வனுக்கு அரசியின் குதிரைத்தூதன் திடீரென மன்னிப்பும் பட்டமும் மாளிகையும் கொண்டுவருகிறான். வாழ்விலே அத்தகைய தூதர் வருவது அரிது என்பதை எள்ளலோடு உணர்த்தவே பிரெக்ற் அவனை வரவழைத்தான். லேரியன் நிறுவனம் அத்தூதனை அனுப்பவில்லை. அதே ஆண்டு நவம்பர் இறுதிக்குள் வெளிவந்த திருத்தங்களில் கார்லாக்கின் முடிபுகளை விரித்தது. அவளைத் தனியே சாகவிட மறுப்பவன் அவளோடு நரகத்துக்கே மீண்டு சென்று போரைத் தொடரலாம் என்ற வழி செழுமை பெற்றது. ஆறு மாதங்களின்பின் நடைபெறும் பிரியாவிடை விருந்தில், அவ்வியந்திரத்தைச் சீராக்க வழி கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கையோடு அவள் வந்து நிற்பதும் சேர்க்கப்பட்டது. துன்பம் துடைக்கப்படவில்லை, அது விதி என்ற நிலையிலிருந்து வேலை என்ற நிலைக்கு மாற்றப்பட்டது. இரசிகர் குரல் கதையைக் கெடுக்காது செம்மைப்படுத்திய தருணம் இது. வாடிக்கையாளரின் குரலுக்கும் மக்களின் குரலுக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் புலப்படுகின்றது. முன்னையது தன் துக்கத்தை நீக்கக் கேட்கின்றது. பின்னையது அவளுக்கு நேர்ந்த அநீதியை நீக்கக் கேட்கின்றது.

ஆகவே, காதலர் சேர்ந்தனரா பிரிந்தனரா என்பதைக் கொண்டு ஒரு கதையை அளத்தல் போதாது. பிரித்தது எது? அதனை மாற்ற எவராலேனும் இயலுமா? இயலுமாயின் கதை அதனைக் காட்டிற்றா, மறைத்ததா? இயலாதாயின், அவ்வியலாமையை நேர்மையோடு ஏற்றுக்கொண்டதா? காரணத்தைக் காட்டும் துன்பம் மனிதனை நிமிரச் செய்யும். காரணத்தை மறைக்கும் துன்பமும், காரணத்தைத் தீர்க்காமல் வழங்கப்படும் இன்பமும் அவனைத் தலைகுனியப் பழக்கும்.

நம் மாணவரிற் பலர் இக்கதைகளில் இரவுகளைக் கழிப்பவர். நேரத்தை வீணாக்குகிறாய் என்று அவர்களைக் கடிவது எளிது. கார்லாக்குக்காக அழுத மாணவனிடம், அவளை விற்றவன் யார், வாங்கியவன் யார், அவ்விதயத்தால் இலாபமடைந்தவர் யார் என்று கேட்பது சிறிது கடினம். எனினும் இலக்கியம் கற்பிப்போர் கடமை அதுவே. கண்ணீரைக் கேள்வியாக மாற்றக் கற்றுக்கொண்ட மாணவன், இன்ப முடிபைக் கடையில் வாங்கித் திருப்தியடையான். அதனை வாழ்விலே ஆக்க முற்படுவான்.