ஏர்சென்ஸ் 10: இரைச்சல் எங்கிருந்து வருகிறது

உறக்க மூச்சுத்தடைக்குச் சிகிச்சை தொடங்குபவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: கருவி இரைகிறது, கண்ணயர முடியவில்லை. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடாமல் இருக்க, முகக்கவசம் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துக்கொண்டே இருப்பது சீபாப் கருவியின் வேலை. ஒரு நாளைக்கு 4 மணி நேரமாவது, பத்து இரவுக்கு ஏழு இரவாவது அணிந்தால்தான் ஒருவர் சிகிச்சையில் இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுவார்கள். முதல் வாரங்களில் எப்படிப் பழகுகிறாரோ, பின்னாளிலும் ஏறக்குறைய அப்படியே தொடர்கிறார். இரைச்சலுக்குப் பயந்து கழற்றி வைத்த கருவி அலுமாரிக்குள் போனால் திரும்பி வருவது அரிது. அதனால் இரைச்சலைச் சின்னச் சிரமமாக ஒதுக்கிவிட முடியாது.

ரெஸ்மெட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட சீபாப் கருவியான ஏர்சென்ஸ் 10, அதற்கு அடுத்த தலைமுறையான ஏர்சென்ஸ் 11 2021இல் வந்த பிறகும் பல வீடுகளில் ஓடுகிறது. 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீரழுத்தம், தேவைக்கேற்பத் தானே ஏறி இறங்கும் முறை, பக்கவாட்டில் நீர்த்தொட்டி என்ற விவரமெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. இங்கே பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: 26.6 டெசிபெல். கருவியின் கைநூல் தரும் ஒலி அளவு இது. தாழ்ந்த குரலில் பேசும் பேச்சைவிடவும் குறைவு. நடு வேகத்தில் சுழலும் கூரை மின்விசிறி இதைச் சிரமமின்றி மூடிவிடும். கடுமையான குறட்டையோ 60 டெசிபெலைத் தாண்டும்.

எண் உண்மைதான், ஆனால் அது அளக்கப்படும் விதம் வேறு. சோதனைக் கூடத்தில், நடுத்தர அழுத்தத்தில், கருவியிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி ஒலிவாங்கியை வைத்து அளக்கிறார்கள். படுக்கையில் இருப்பவரின் மூக்கு அந்தக் கருவியோடு ஒரு குழாயால் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கிறது. மோட்டரின் ரீங்காரம் குழாய்க் காற்றின் வழியே ஏறி முகக்கவசத்துக்குள் வருகிறது. முகக்கவசத்தில் காற்று வெளியேறும் துளைகளோ காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. அந்த முகக்கவசத்துக்குத் தனி ஒலி அளவு உண்டு. அது தனிப் பெட்டியில், தனி விலையில் வருகிறது. கருவியை வாங்குபவர் பார்க்கும் எண்ணில் இந்தப் பாதிக் கதை இல்லை. இரண்டையும் பூட்டிப் படுத்திருக்கும் ஒருவருக்கு எவ்வளவு கேட்கும் என்ற அளவைத் தயாரிப்பாளர்கள் எல்லோருமே அச்சிட வேண்டும். அதைச் செய்யாமல் அமைதியை விளம்பரப்படுத்துவது நோயாளிக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

எவ்வளவு கேட்கும் என்பது சுற்றுப்புறத்தையும் பொறுத்தது. இலங்கையின் ஓலைத்தொடுவாய் போன்ற மன்னார்த் தீவுக் கரையூரில் ஒரு படுக்கையறையின் ஒலிகளை இரண்டு காலமாகப் பிரித்துப் பார்க்கலாம். சோளகம் வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை பனையோலையும் கூரைத் தகடும் இரவெல்லாம் இரையும். தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 விசைச்சுழலிகளும் அந்தக் காற்றில்தான் முழுமூச்சாகச் சுழலும். அப்போது சீபாப் ஓசை காதில் தனியாக நிற்காது. சோளகம் ஓய்ந்து வாடை தொடங்கும் வரையுள்ள இடைக்காலத்தில் காற்று விழுந்துவிடும். கரண்ட் போய் மின்விசிறியும் நின்றால், பற்றரியில் ஓடும் கருவியின் ஓசை மட்டும் அறையில் மிஞ்சும். ஓசை கூடவில்லை, சுற்றுப்புறம் அடங்கிவிட்டது. சிகிச்சையை அமைதியான மாதத்தில் தொடங்குபவருக்குக் கருவி பழுதோ என்ற சந்தேகம் வருவதற்கு இதுவே காரணம்.

பழுதா இல்லையா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. முகக்கவசத்தை அணிந்து, விளக்கை அணைத்து, மூச்சைச் சில நொடி பிடித்துக் கேட்க வேண்டும். மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கிய ஓசை நின்றுவிட்டால், அது தன் மூச்சொலியே குழாய் வழியாகத் திரும்பிக் கேட்டது. மூச்சைப் பிடித்தும் ஒரே சீராக ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் வெளியேற்றுத் துளைகளின் ஓசை. ‘புர்ர்’ என்றோ ‘கீச்’ என்றோ கேட்டால் எங்கோ கசிகிறது. குமிழி உடைவது போலக் கேட்டால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய, உயர்ந்த சுருதியில் கேட்பதுதான் மோட்டர். தொடக்க நாட்களில் ‘மெஷின் சத்தம்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு முகத்திலிருந்து வருகிறதே தவிர, பெட்டியிலிருந்து அன்று.

கசிவுதான் முதல் எதிரி. காற்று ஓரிடத்தில் கசிந்தால் அந்த இடம் இரைவது ஒருபுறம் இருக்க, அழுத்தம் குறையாமல் காக்க மோட்டர் இன்னும் வேகமாகச் சுழன்று தானும் இரைகிறது. ஒரு தவறுக்கு இரட்டை ஓசை. ஏர்சென்ஸ் 10 காலையில் திரையில் சிரிக்கும் முகமோ வாடிய முகமோ காட்டும். நிமிடத்துக்கு 24 லீற்றருக்கு மேல் கசிந்தால் வாடிய முகம். இந்தச் சின்னப் படம் தொடக்கக்காரருக்குக் கிடைக்கும் நல்ல துணை. அது எந்த இடத்தில் கசிகிறது என்று சொல்லாது. அதை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்: படுத்த நிலையில், காற்று ஓடும்போது, நனைத்த விரல் நுனியை முகக்கவசத்தின் ஓரமாக மெல்ல நகர்த்தினால், குளிர்ந்து தெரியும் இடம் கசிவு. பெரும்பாலும் அது மூக்குத்தண்டின் மேற்பகுதியில், கண்ணோரத்தில் இருக்கும்.

கசிவைக் கண்டதும் வாரை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அதுவே நிலைமையை மோசமாக்கும். சிலிக்கன் மெத்தை காற்றால் லேசாக உப்பித்தான் முகத்தோடு பொருந்தும்; இறுக்கினால் மடிந்து புதிய இடைவெளி விடும். முகக்கவசத்தை ஒருமுறை முகத்திலிருந்து முன்னே இழுத்து, உப்பவிட்டு, மறுபடி உட்கார வைத்தால் பெரும்பாலும் தீரும். வார்களை உட்கார்ந்தபடி சரிசெய்வதும் வீண் வேலை. படுத்ததும் கன்னச் சதை இடம் மாறும். தேங்காயெண்ணெய் பூசிய நெற்றியிலும் வியர்த்த மூக்கிலும் சிலிக்கன் வழுக்கும். படுக்கப்போகுமுன் முகத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைப்பது இந்த வெக்கையில் கட்டாயம். மீசை அடர்ந்தவருக்கு மூக்கின் கீழ் விளிம்பு படியாது; மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் வகை அவருக்கு ஏற்றது. இறுக அடைத்த இலவம்பஞ்சுத் தலையணையில் பக்கவாட்டாகப் படுத்தால் அது முகக்கவசத்தைத் தள்ளிவிடும். தலையணை ஓரத்தில் பஞ்சை ஒதுக்கி ஒரு பள்ளம் செய்துகொண்டால் போதும்.

வெளியேற்றுத் துளைகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ‘ஸ்ஸ்’ ஓசை குறையன்று. வெளிவிட்ட கரியமிலவாயு வெளியேறும் வழி அது. ஓசை தாங்காமல் துளைகளில் பிளாஸ்ரர் ஒட்டுவதோ துணி சுற்றுவதோ உயிருக்கு ஆபத்து. இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது. அமைதி வேண்டுமென்றால் முகக்கவசத்தையே மாற்ற வேண்டும். ரெஸ்மெட்டின் ஏர்பிட் பி10 வகையில் துளைகளுக்குப் பதில் நுண்ணிய வலைப்பின்னல் இருக்கிறது. காற்று பரவலாகச் சிதறி வெளியேறுவதால் ஓசை வெகுவாக அடங்குகிறது. பக்கத்தில் படுத்திருப்பவரின் கழுத்தில் குளிர்காற்றும் அடிப்பதில்லை. இந்த நிறுவனத்தின் பொருட்களில் மனதாரப் பாராட்ட வேண்டியது அந்தச் சின்ன வலைதான். அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும்: வாய் திறந்து தூங்குபவர் அதை அணிந்தால் காற்று வாய் வழியே ‘புஸ்’ என்று போய்விடும். அவருக்கு மூக்கையும் வாயையும் மூடும் வகைதான் சரி, அது சற்று இரைந்தாலும்.

அடுத்தது கருவி வைக்கும் இடம். காதுக்கு நேரே, தலைமாட்டு மேசையில் வைப்பதுதான் வழக்கம். இருக்கும் இடங்களில் மோசமானதும் அதுவே. உள்ளீடற்ற மரப்பெட்டியோ தகரப்பெட்டியோ மோட்டரின் அதிர்வை வாங்கிப் பெருக்கும். கட்டிலைவிடத் தாழ்வான ஒரு முக்காலியில், நான்காக மடித்த துவாயின் மேல் வைத்தால் ஓசை பாதிக்குக் குறைந்தது போலத் தோன்றும். பின்புறக் காற்று நுழைவாய் சுவரையோ திரைச்சீலையையோ ஒட்டக்கூடாது. துவாய் அதை மூடவும் கூடாது. ஓசைக்குப் பயந்து கருவியைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் தவறு. சூடேறும், காற்றுக்குத் திணறும். கட்டில் சட்டத்தில் உரசும் குழாய் ஒவ்வொரு புரளலிலும் ‘கறகற’ என்னும். குழாயைத் தலைக்கு மேலாக ஒரு கொக்கியில் தொங்கவிட்டு, பழைய பருத்திச் சேலைத் துண்டால் உறை தைத்துப் போட்டால் உரசலும் போகும்.

அந்த உறைக்கு இன்னொரு பயனும் உண்டு. மன்னாரின் இரவுக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். அதற்கு மேல் நீர்த்தொட்டியைச் சூடாக்கி ஈரத்தை உயர்த்தி வைத்தால், மின்விசிறிக்கோ ஏசிக்கோ நேரே கிடக்கும் குழாய் குளிர்ந்து உள்ளே நீர் கோர்க்கும். நடு இரவில் ‘களகள’ என்று கேட்டு முகத்தில் சொட்டும். ஈரப்பத அளவை இரண்டு படி குறைப்பது முதல் வழி. சூடேறும் குழாய் இருந்தால் அதன் வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டுவது அடுத்த வழி. கருவி தாழ்வாக இருந்தால் கோர்த்த நீர் மூக்குப் பக்கம் வராமல் தொட்டிக்கே திரும்பும். குளிர்நாட்டுப் படுக்கையறையை மனதில் வைத்து எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே இங்கே பின்பற்றினால் இந்தத் தொல்லை வரத்தான் செய்யும்.

வடிகட்டியும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்கிறார்கள். சோளகம் மணலை அள்ளி வீசும் கரையில் அதற்கு முன்பே அது பழுப்பேறும். பிறகு கருவி காற்றை இழுக்கும் ஓசை கனக்கும். இந்தக் கருவியின் வடிகட்டி கழுவிப் போடும் வகையன்று.

காதுச்செருகிகளைப் பலர் முதலில் நாடுகிறார்கள். வெளியோசைக்கு அவை உதவும். ஆனால் மூக்கு வழியாகவும் எலும்பு வழியாகவும் உள்ளே வரும் மூச்சொலி, காதை அடைத்ததும் முன்பைவிட உரத்துக் கேட்கும். பக்கத்தில் படுப்பவருக்குச் செருகி, அணிபவருக்கு மின்விசிறி என்று பிரித்துக்கொள்வது நடைமுறையில் நன்றாக இருக்கிறது. இன்னொரு வழி பகலில் பழகுவது: மாலையில் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, வானொலி கேட்டபடி அரைமணி நேரம் அணிந்திருந்தால், காது அந்த ஓசையைப் பழகிய ஓசைகளோடு சேர்த்துவிடும். அழுத்தத்தைத் தாழ்வாகத் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதியை உறக்கத்தைத் தானே கண்டறியும் முறையில் விட்டால், கண்ணயரும் வரை மோட்டரும் அடங்கியே ஓடும். ஓசைக்காகச் சிகிச்சை அழுத்தத்தையே குறைப்பது மட்டும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாதது.

கடற்றொழிலாளர் வீட்டில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. விடியுமுன் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் கிளம்பும் ஓசையில் விழிப்பவர், முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு மறுபடி கண்ணயர்வார். கனவுறக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். பலருக்கு மூச்சுத்தடை மிகக் கடுமையாக வருவதும் அப்போதுதான். கழற்றி வைப்பதற்கு மிகத் தவறான வேளை அது.

இரைச்சலை அடக்கும் முயற்சி இந்தத் துறையில் ஒரு பெருந்தவறுக்கும் இட்டுச் சென்றது. 1980இல் சிட்னியில் கொலின் சலிவன் முதன்முதலில் இந்தச் சிகிச்சையைச் செய்தபோது, காற்றைத் தந்தது தூசுறிஞ்சி வகை மோட்டர்தான். அடுத்த ஆண்டு அதை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். அந்த இரைச்சலைப் படுக்கையறைக்கு ஏற்றதாக்க, பின்வந்த தயாரிப்பாளர்கள் கருவிக்குள் ஒலியுறிஞ்சும் நுரைப்பஞ்சு வைத்தார்கள். பிலிப்ஸ் பயன்படுத்திய பொலியெஸ்ரர் வகைப் பொலியூரித்தேன் நுரை சிதைந்து, துகளும் வாயுவும் மூச்சோடு போகக்கூடும் என்று தெரிந்ததும், 2021 ஜூன் 14 அன்று அந்நிறுவனம் திரும்பப் பெறும் அறிவிப்பை விடுத்தது. உலகெங்கும் சுமார் 55 இலட்சம் கருவிகள் அதில் அடங்கின. வெப்பமும் ஈரமும் ஓசோன் கொண்டு சுத்தம் செய்வதும் சிதைவை விரைவுபடுத்தக்கூடும் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. வெப்பமும் ஈரமும் மன்னாரில் ஆண்டு முழுக்க இருப்பவை. அந்த வகை நுரை தன் கருவிகளில் இல்லை என்று ரெஸ்மெட் அப்போதே அறிவித்தது. இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ உறவினர் ஒருவர் தம் பழைய கருவியை அனுப்பி, அது பிலிப்ஸின் முதல் தலைமுறை டிரீம்ஸ்டேஷனாக இருந்தால், அடிப்புறத்துத் தொடரெண்ணைத் திரும்பப்பெறும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஓர் இரவும் அணியக்கூடாது.

பயணத்துக்கென வாங்கும் ரெஸ்மெட்டின் ஏர்மினி 300 கிராம்தான். கையில் எடுத்தால் ஆசையாக இருக்கும். அதன் அறிவிக்கப்பட்ட ஒலி அளவு 30 டெசிபெல். ஓசையால் அவதிப்படும் தொடக்கக்காரர் அதை முதற்கருவியாக வாங்குவது பொருந்தாது. மின்வெட்டுக்கு இன்வேட்டர் வைப்பவர் தூய சைன் அலை தரும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலிவான வகைகளில் மின்வழங்கிப் பெட்டியே முனகத் தொடங்கும். நீர்த்தொட்டியின் சூட்டை நிறுத்திவிட்டால் பற்றரி வெகுநேரம் தாங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் முன்பு இல்லாத உராய்வோசையோ விசிலோசையோ புதிதாகக் கேட்டால் அது வேறு கதை. தொட்டியில் நீரோடு கருவியைத் தூக்கிச் சென்றதால் மோட்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம், தாங்கிகள் தேய்ந்திருக்கலாம். இந்தக் கருவியின் வடிவமைப்பு ஆயுள் 5 ஆண்டு. அதைக் கடந்த கருவி கர்ஜிக்கத் தொடங்கினால் வீட்டில் கழற்றிப் பார்க்காமல், விற்றவரிடமோ சிகிச்சை தரும் மருத்துவமனையிலோ காட்டி, மாற்றுக் கருவி கைக்கு வரும்வரை எப்படித் தூங்குவது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.