நெல் நிறுவனமும் ஓட்டுநரின் வழக்கும்

பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் காவிரிப் படுகை விவசாயிக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1966-இல் வந்த ஐ.ஆர். 8 தொடங்கி ஐ.ஆர். 20, ஐ.ஆர். 36, ஐ.ஆர். 50 வரை தஞ்சை வயல்களில் வீடுதோறும் பேசப்பட்ட ரகங்கள் பிலிப்பைன்ஸின் லாஸ் பன்யோஸில் உருவானவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிக் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல்லுக்கு அடிப்படையான மரபணு ஆய்விலும் அந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தக் கடனை மனதார ஒப்புக்கொள்கிறவன் நான். அதனாலேயே கேட்கிறேன்: அங்கே வேலை பார்க்கும் உள்ளூர்த் தொழிலாளி ஒருவரை நீக்கிவிட்டால், அவர் எங்கே போய் முறையிடுவது?

1979-இல் அதிபர் மார்கோஸ் பிறப்பித்த 1620-ஆம் ஆணை, சிவில், குற்றவியல், நிர்வாக நடவடிக்கை எதுவும் இந்த நிறுவனத்தின் மீது செல்லாது என்றது. தலைமை இயக்குநரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ வெளிப்படையாக அந்த விலக்கை விட்டுக்கொடுத்தால்தான் வழக்கு நடக்கும். 1990 பிப்ரவரியில் நிறுவனத்தின் ஓட்டுநர் ஒருவர் மணிலா விமான நிலையத்துக்குப் போய்த் திரும்பும்போது வண்டி விபத்துக்குள்ளானது. குடித்துவிட்டு ஓட்டினார், பேட்டரி பழுதாகி மணிலாவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்ததை மேலாளருக்குச் சொல்லவில்லை என்றெல்லாம் குற்றம் சாட்டி, அந்த டிசம்பரில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தொழிலாளர் நடுவர் அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டார். மேல்முறையீட்டு ஆணையம் விலக்கைக் காட்டி அதை ரத்து செய்தது. 1995 மே மாதம் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

அவர் குடித்திருந்தாரா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. குடித்திருந்தால் நீக்கியது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் மேல்மன்றங்கள் நுழையவே இல்லை. இத்தனைக்கும் நீக்கப்பட்டவர்கள் புகார் செய்தால் விலக்கை விட்டுக்கொடுப்பது என்று 1983-இல் நிறுவனமே ஒரு சுற்றறிக்கை வைத்திருந்தது. அது நிர்வாகத்தின் உள் வழிகாட்டுதல்தான், ஒவ்வொரு வழக்கிலும் இயக்குநர் தனியே சம்மதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. தீர்ப்பில் எனக்கு ஏற்க முடியாத இடம் இதுதான். வேலையாளை நம்பவைத்த எழுத்து நிறுவனத்தைக் கட்டாது என்றால் அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு?

எதிர்த்தரப்பு வாதம் இலேசானதல்ல. லாஸ் பன்யோஸ் மரபணு வங்கியில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன. அவை எந்த ஒரு நாட்டின் சொத்தும் அல்ல. இடம் கொடுத்த அரசு உள்ளூர் நீதிமன்றத் தடையுத்தரவு ஒன்றை வாங்கி ஆய்வை நிறுத்தவோ, தனக்கு வேண்டாத விஞ்ஞானியை வெளியேற்றவோ முடியும் என்றால் பன்னாட்டு நிறுவனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த விதையை எந்த நாட்டுக்குக் கொடுப்பது, யாரை இயக்குநராக்குவது ஆகியவற்றில் விலக்கு முழுமையாகவே இருக்க வேண்டும். ஓட்டுநரின் விபத்தை விசாரிப்பதால் இவற்றில் எது கெட்டுப்போகும் என்பதை இந்த வாதம் சொல்வதில்லை.

நம் நாட்டிலும் இதே சிக்கல் உண்டு. ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, 1947-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சலுகைகள், விலக்குகள் சட்டத்தின்கீழ் 1972-இல் மத்திய அரசு சலுகை அளித்தது. அங்கிருந்து நீக்கப்பட்டவர்கள் போட்ட ரிட் மனு 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. இக்ரிசாட் அரசமைப்பின் 12-ஆம் பிரிவு சொல்லும் ‘அரசு’ அல்ல, ஊழியர்களோடு அதற்குள்ள உறவு பொதுக் கடமையும் அல்ல என்றது நீதிமன்றம். ரிட் சட்டத்தின்படி பார்த்தால் இதில் பிழை காண முடியாது. தனியார் ஆய்வகத்து ஊழியரும் இந்தக் காரணத்துக்காக ரிட் போட முடியாது. ஆனால் அவருக்குத் தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது; ஆய்வு நிறுவனங்களும் தொழில்தான் என்று 1978-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. இக்ரிசாட் ஊழியர் அந்தப் பக்கம் திரும்பினால் 1972-இன் சலுகை குறுக்கே நிற்கிறது. ஒவ்வொரு மறுப்புக்கும் தனித்தனியே நியாயம் சொல்லலாம். இரண்டும் சேரும்போது ஒரு மனிதர் நடுத்தெருவில் நிற்கிறார்.

இந்தச் சலுகைகளுக்கெல்லாம் மூலமான 1946-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை இப்படி ஆகட்டும் என்று விட்டுவிடவில்லை. அதன் 29-ஆம் பிரிவு, ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கத் தகுந்த வழியை நிறுவனமே அமைக்க வேண்டும் என்கிறது. ஐ.நா. தன் ஊழியர் தகராறுகளுக்கென ஒரு தீர்ப்பாயத்தை அமைத்தது. வேறு பல நிறுவனங்கள் ஜெனிவாவில் உள்ள பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தீர்ப்பாயத்தை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. சலுகையை எடுத்துக்கொண்டு கடமையை விட்டுவிடுவது உடன்படிக்கையைப் பாதியாக வாசிப்பது.

ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999-இல், ஐரோப்பிய விண்வெளி அமைப்பைப் பற்றிய வழக்கில், மாற்று வழி நியாயமானதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. அளவுகோல் நல்லது. அளந்த விதம் தாராளம்: வழக்குப் போட்டவர்களை அந்த அமைப்பு தன் ஊழியராகவே ஏற்கவில்லை, ஆனாலும் ஊழியருக்கான மேல்முறையீட்டுக் குழுவே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

வெளியாள் தலையிட்டால் வேலை கெட்டுப்போகும் என்ற வாதம் தஞ்சைக்குப் பழக்கமானது. 1952-இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் இடையிலான தகராறை வெளியாள் ஒருவர் கேட்க வழிசெய்தது. சமரச அலுவலர் என்று பெயர். பண்ணை விவகாரத்தில் அரசுக்கு என்ன வேலை என்ற எதிர்ப்பு அப்போதும் இருந்தது. சட்டத்தைத் தாண்டிப் போகப் பண்ணையாட்களை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் பிடித்தவர்களும் உண்டு. சட்டம் அரைகுறைதான். ஆனால் சமரச அலுவலர் வந்ததால் வயல் தரிசாகவில்லை, நாற்றங்கால் நிற்கவில்லை.

ஆகவே என் முடிவு இது. விலக்கு வேண்டும், வேலைநீக்கத்தில் அது நிபந்தனையோடு வேண்டும். உள்நாட்டு நீதிமன்றம் நேரடியாகத் தலையிடுவதை நான் முதலில் கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே வென்றாலும் நிறுவனத்தின் சொத்தை ஜப்தி செய்யவும் விலக்கு தடையாகிவிடும். தீர்ப்பு காகிதத்திலேயே கிடக்கும். நிர்வாகம் நியமிக்காத நடுவர்கள் கொண்ட குழு, அதன் முடிவு நிறுவனத்தைக் கட்டும் என்ற உறுதி, மீண்டும் வேலை தர முடியாவிட்டால் இழப்பீடு. இவை இருந்தால் நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் தொழிலாளர் நீதிமன்றம் வழக்கைக் கேட்க வேண்டும். நாடாளுமன்றம் புதுச் சட்டம் போடும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: 1947 சட்டத்தின் 3-ஆம் பிரிவில் அறிவிக்கை வெளியிடும்போதே மத்திய அரசு இந்த நிபந்தனையை எழுதிவிடலாம்.

2018 டிசம்பரில் அதே நெல் நிறுவனத்தின் தெற்காசிய மையம் வாரணாசியில் திறக்கப்பட்டது. அங்கே நாற்று நடுகிறவருக்கும், வண்டி ஓட்டுகிறவருக்கும், ஆய்வகத்தைப் பெருக்குகிறவருக்கும் கொடுக்கும் பணி ஆணையில், நீக்கப்பட்டால் எந்தக் குழுவிடம் எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்ற ஒரு பத்தி இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவருக்கும் அதே பத்தி பொருந்த வேண்டும்.