பதினெட்டு மாதத் துணை போதுமா?

முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளை குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு செவிலியரை அமர்த்தினால் பலன் உண்டா? கனடாவிலிருந்து இதற்கு இரண்டு விடைகள் வந்திருக்கின்றன. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

மனிடோபா மாகாணத்தில் 2002-இல் தொடங்கிய மேஸ்ட்ரோ திட்டம், 18 முதல் 30 வயது வரையிலானவர்களைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் விடாமல் விசாரித்துவந்தது. பெரியவர்கள் பிரிவில் சிகிச்சையைக் கைவிட்டோர் முன்பு 40 சதவீதம். திட்டம் வந்தபின் 11. கேட்டவுடன் கைதட்டத் தோன்றும். ஆனால் இது முன்பு மாறியவர்களையும் பின்பு மாறியவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கணக்கு. முன்னவர்கள் வயதில் மூத்தவர்கள். நழுவிப்போக அவர்களுக்குக் கிடைத்த ஆண்டுகளும் அதிகம். அந்த இறக்கம் முழுவதையும் திட்டத்தின் வரவில் எழுத முடியாது.

ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இன்னும் கறாரானது. 205 இளைஞர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் 18 மாதங்களுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரைத் துணையாக வைத்தார்கள். துணை இருந்தவர்கள் சராசரியாக 4.1 முறை மருத்துவமனைக்கு வந்தார்கள், மற்றவர்கள் 3.6 முறை. திருப்தி கூடியது, நோய் தரும் மன உளைச்சல் சற்றே குறைந்தது. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி துணை இருந்தவர்களுக்கு 8.33 சதவீதம், மற்றவர்களுக்கு 8.80; ஆசைகாட்டும் இடைவெளிதான், என்றாலும் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற ஐயத்தை அது தாண்டவில்லை. துணை விலகிய அடுத்த ஓராண்டில், இரு பிரிவினருக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை.

அப்படியானால் இந்தப் பணியிடம் வீண் என்று முடித்துவிடலாமா? இன்சுலினைப் பதினெட்டு மாதம் போட்டு நிறுத்திவிட்டு, சர்க்கரை ஏறிவிட்டதே என்று மருந்தைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும் அது. ஒன்டாரியோவில் தோற்றது காலக்கெடு என்றே எனக்குப் படுகிறது. ஆனால், ஒன்றரை ஆண்டில் அரை வருகை கூடியது பெரிய வெற்றியா என்று யாரேனும் கேட்டால், அதற்கும் என்னிடம் வலுவான மறுப்பு இல்லை.

உண்மையில், வருகையை எண்ணுவதே செவிலியரின் வேலையைக் குறைத்து மதிப்பது. மெல்போர்னில் 2017-இல் வெளியான ஆய்வில், நாள் நினைவூட்டலும், தவறவிட்டால் வேறொரு நாள் குறித்துக்கொடுப்பதும் மட்டுமே செய்தார்கள். முதல் ஆண்டில் பலனில்லை. இரண்டாம் ஆண்டில் வருகை கூடியது. அந்த வேலைக்கு ஒரு நல்ல எழுத்தர் போதும். செவிலியர் தேவைப்படுவது வேறோர் இடத்தில். விடுதியில் வாந்தியெடுத்துக் கிடக்கும் பத்தொன்பது வயதுப் பையன், 'சாப்பிடவே இல்லையே' என்று இன்சுலினை முழுவதும் நிறுத்திவிடுகிறான். சில மணி நேரத்தில், ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏறி, ஐ.சி.யூ.வில் போய்ச் சேருகிறான். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தாதே, கீட்டோனைப் பார், வாந்தி நிற்காவிட்டால் உடனே வா என்று போனில் சொல்ல ஆள் வேண்டும். குடி, கருத்தடை பற்றி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளையும் வாய்திறக்காது. அதைத் தனியே கேட்கவும் ஆள் வேண்டும்.

2009-இல் வந்த இன்னொரு ஒன்டாரியோ ஆய்வு, செவிலியர் கட்சிக்குச் சற்றே சங்கடம் தருவது. மாறிய பிறகு, நீரிழிவுக்காக மருத்துவமனையில் சேர்வது ஆண்டுக்கு நூறு பேருக்கு 7.6-இலிருந்து 9.5 ஆனது. செவிலியர் முதலான மற்றக் குழு மாறினாலும் அதே மருத்துவர் தொடர்ந்தவர்களிடம், புது மருத்துவரிடம் போனவர்களைவிட அந்த அபாயம் 77 சதவீதம் குறைவு. இதுவும் குலுக்கல் ஆய்வல்ல. ஆனாலும் பழகிய முகத்தின் எடை என்ன என்று இது காட்டுகிறது.

என் முடிவு இது. பணியிடம் தேவை, இன்று அமர்த்தப்படும் விதத்தில் அல்ல. அவர் பெரியவர்கள் பிரிவின் ஆளாக இருக்கவேண்டும், மாறுவதற்கு ஓராண்டு முன்பே பிள்ளைக்கு அறிமுகமாகவேண்டும், இருபத்தைந்து வயதுவரை கூடவரவேண்டும். நாள் குறிக்கும் வேலையை எழுத்தரிடம் விடலாம். பலனை அளக்க, கீட்டோன் ஏறி அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று மூன்றாண்டு கழித்து எண்ணட்டும்.