படிப்பு ஏறாத பிள்ளைக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர்களைப் பற்றி உலகம் எழுதிவைத்திருக்கும் நூல்களை அடுத்தடுத்து வாசித்தால், காலமும் நாடும் மாறினாலும் ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் யார் பொறுப்பு? பிள்ளையா, சொல்லிக்கொடுத்தவரா, பள்ளிக்கூடமா? இதற்கு ஒரு நூல் என்ன விடை தருகிறது என்பதை வைத்தே அதன் தகுதியை எடைபோட வேண்டும் என்பது என் துணிபு.

தமிழில் இலக்கண நூலே இதைப் பேசியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குகிறது. ஆகாத ஆசிரியரையும் அது விட்டுவைக்கவில்லை. கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்று நான்கு உவமைகளால் அவரை அடையாளம் காட்டுகிறது. ஆசிரியரையே இப்படி நிறுத்துப் பார்த்த நன்னூலின் ஆசிரியர் பவணந்தியார், மாணவர்களை முதல், இடை, கடை எனப் பிரித்து, எருமையையும் ஓட்டைக் குடத்தையும் கடைசியில் வைக்கிறார். பாடம் சொல்லக்கூடாதவர் பட்டியலில் சோம்பேறி, திருடனோடு நோயாளியும் மந்தபுத்தி உள்ளவனும் இடம்பெறுகிறார்கள். பாடத்தின் வாசலிலேயே ஒரு சல்லடை இருந்தது.

பழைய உலகம் முழுதும் இப்படி நினைத்தது என்று சொல்லிவிட முடியாது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், ரோமில் அரசு ஊதியம் பெற்றுப் பேச்சுக்கலை கற்பித்த குவின்டிலியன், இயல்பிலேயே மந்தமான பிள்ளைகள் மிகச் சிலரே என்று எழுதினார். குறை இருப்பது பெரும்பாலும் பிள்ளையிடம் அல்ல, பிள்ளையின்மேல் செலுத்தாத அக்கறையில்தான் என்றார், பிரம்படியையும் எதிர்த்தார். சீனத்தில் கன்ஃபூசியஸின் உரையாடல் தொகுப்பு இன்னொரு பாடம் தருகிறது. கேட்ட நல்லதை உடனே செய்துவிடலாமா என்று இரண்டு சீடர்கள் தனித்தனியே கேட்கிறார்கள். ஒருவரிடம் பெரியவர்களைக் கலந்துகொள் என்கிறார். மற்றவரிடம் உடனே செய் என்கிறார். முன்னவர் அவசரக்காரர், பின்னவர் தயங்குபவர். எதிரே நிற்பவரைப் பார்த்துப் பாடம் சொல்லும் கலை இந்தச் சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

ஆசிரியரைப் பற்றிப் பாடம் கேட்டவர் எழுதியவற்றில் தமிழுக்கு வாய்த்த பெருஞ்செல்வம் உ.வே.சாமிநாதையர் தந்தது. 1876இல் மறைந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை அவர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். முதல் பாகம் வந்தபோது அவருக்கு வயது 78. அந்த நூலில் பிள்ளையவர்கள் சவேரிநாத பிள்ளை, நாகூர் குலாம் காதிறு நாவலர் உள்ளிட்ட பல சமய மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறார். தாமே வறுமையில் இருந்தபடி மாணவர்களின் சாப்பாட்டுக்கும் கவலைப்படுகிறார். நன்னூல் வகுத்த இலக்கணத்தை நன்கு அறிந்த ஒருவர், அதன் சல்லடையை நடைமுறையில் எவ்வளவு தளர்த்தினார் என்பதை இங்கே காண்கிறோம்.

நவீன காலத்தில் சல்லடையே கேள்விக்குள்ளாகிறது. வக்கீல் தொழிலை விட்டுக் குஜராத்தின் பாவ்நகரில் குழந்தைக் கல்விக்கு வந்த கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ 1930களின் தொடக்கத்தில் வந்தது. கதைசொல்லியான லட்சுமிசங்கர் கல்வி அதிகாரியிடம் கேட்டு நான்காம் வகுப்பை வாங்குகிறார். முதல் நாள் திட்டம் படுதோல்வி, பிள்ளைகள் அடங்கவில்லை. அவர் பிள்ளைகளைக் குறைசொல்லாமல் தம் திட்டத்தை மாற்றிக்கொண்டு, கதை சொல்லத் தொடங்குகிறார். கற்பித்தல் குறித்த நூல்களில் இதை ஒரு திருப்பமாகவே கருதுகிறேன். தோல்வியின் பொறுப்பை ஆசிரியர் தாமாக முன்வந்து ஏற்கிறார்.

அதை ஏற்காத ஆசிரியருக்கு மாணவர்களே எழுதியது இத்தாலியிலிருந்து வந்தது. டஸ்கனியின் மலைக் குக்கிராமமான பார்பியானாவில், லொரென்சோ மிலானி என்ற பாதிரியார், பள்ளிகள் கழித்துவிட்ட விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய கடிதம் 1967இல் நூலாயிற்று. அடுத்த மாதமே மிலானி 44 வயதில் இறந்தார். தமிழில் ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்று வந்திருக்கும் இந்நூலின் வலிமை அழுகையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. பெயிலானவர்களின் தகப்பன்மார் என்ன தொழில் செய்தார்கள் என்று புள்ளிவிவரம் திரட்டி, ஏழை வீட்டுப் பிள்ளைகளே வடிகட்டப்படுகிறார்கள் என்று நிறுவுகிறார்கள். அவர்கள் கேட்டவை மூன்று: யாரையும் பெயிலாக்காதீர்கள், மந்தமாகத் தெரிபவர்களுக்கு முழுநேரப் பள்ளி கொடுங்கள், ஆர்வமில்லாதவர்களுக்கு ஒரு நோக்கம் கொடுங்கள். பவணந்தியார் விலக்கியவர்களுக்குத்தான் கூடுதல் பாடம் கேட்கிறார்கள் இந்தப் பையன்கள்.

தமிழில் பலரும் விரும்பி வாசித்த டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’ (1981) இதன் இனிய பக்கம். முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியின் பேச்சை, அவள் புதிதாகச் சேரவந்த பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி மணிக்கணக்கில் கேட்கிறார். ரயில் பெட்டிகளில் நடந்த அந்தப் பள்ளி 1945 குண்டுவீச்சில் எரிந்தது. ஜப்பானின் இன்னொரு நூலான சகாயே ட்சுபோயின் ‘இருபத்துநான்கு கண்கள்’ (1952) ஆசிரியரின் எல்லையைக் காட்டுகிறது. 1928இல் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை, பின்னர் அவர்களில் சிலரைப் போரிலும் சிலரை வறுமையிலும் இழக்கிறார். நல்ல ஆசிரியர் ஒருவரால் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது என்ற கசப்பான உண்மையைச் சொல்வதால் இது டோட்டோ-சானோடு சேர்த்து வாசிக்கப்பட வேண்டியது.

ஆசிரியரைத் தெய்வமாக்காமல் நேசிப்பது எப்படி என்று ஆல்பர் காம்யுவிடம் கற்கலாம். 1957இல் நோபல் பரிசு கிடைத்ததும் தம் தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மனுக்கு நன்றிக் கடிதம் எழுதியவர் அவர். அவர் இறந்த பின் 1994இல் வெளியான ‘முதல் மனிதன்’ நாவலில் அதே ஆசிரியர் வேறு பெயரில் வருகிறார். ஏழைப் பையனின் பாட்டியிடம் பேசி மேற்படிப்புக்கு வழிசெய்கிறார். பையன்களை அளவுகோலால் அடிக்கவும் செய்கிறார். இரண்டையும் காம்யு மறைக்கவில்லை. அடியின் மறுபக்கத்தை இரா. நடராசனின் ‘ஆயிஷா’ தமிழில் எழுதிக்காட்டியது. கேள்வி கேட்டதற்காக அடிவாங்கி, வலி தெரியாமலிருக்க மயக்கமருந்தைத் தன்மீதே சோதித்து மாண்டுபோகும் மாணவியின் கதை அது. பள்ளியின் குற்றத்தை உள்ளிருந்தே ஓர் ஆசிரியை ஒப்புக்கொள்ளும் குரல் அதில் ஒலிக்கிறது.

இந்த நூல்வரிசையில் பெரிய வெற்றிடம் ஒன்று இருக்கிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் கற்பித்தவர்கள், அல்லது கற்று உயர்ந்தவர்கள். பாதியில் வெளியேற்றப்பட்டவரின் குரல் அரிது; பார்பியானாவின் எட்டுப் பேருக்கும் எழுத முடிந்ததற்குக் காரணம் மிலானி. நம் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் கல்வி உளவியல் பாடத்துக்கு முன்பே அந்தக் கடிதமும் ‘பகல் கனவு’ம் வாசிக்கப்பட வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவரைத் தேடிப்போய், பள்ளி உங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டு எழுதும் ஆசிரியர்களும் நமக்கு வேண்டும். அப்படி எழுதப்படும் தமிழ் நூல், இதுவரை வந்த எல்லாவற்றையும்விட நம் வகுப்பறைகளுக்குப் பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.